வீட்டில் முதன்முறை இஞ்சி பீர் செய்பவர்கள் எங்கே தவறுகிறார்கள்?

கோபியில் இருக்கிறேன், வீட்டில் முதன்முறையாக இஞ்சி பீர் (இஞ்சியும் சர்க்கரையும் நொதித்து நுரைக்கிற பானம்) செய்யப்போகிறேன், புதியவர்கள் பொதுவாக என்ன தவறு செய்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாதிக்கு மேற்பட்ட தவறுகளுக்குக் காரணம் ஒன்றுதான். இணையத்தில் கிடைக்கிற செய்முறைகள் பெரும்பாலும் 20 டிகிரி சமையலறையை மனதில் வைத்து எழுதியவை. சித்திரையில் 40 டிகிரியைத் தொடுகிற ஈரோடு, கோபிப் பக்கம் அதே நாள் கணக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் சரிப்படாது. கோடையில் இட்லி மாவு எவ்வளவு சீக்கிரம் பொங்கிவிடும் என்று உங்கள் வீட்டில் மாவு ஆட்டுகிறவர்களைக் கேளுங்கள். அந்தக் கணக்குதான் இதற்கும். 'ஐந்து நாள்' என்று போட்டிருந்தால் இரண்டாம் நாளே பார்க்க ஆரம்பித்துவிட வேண்டும்.

முதலில் தாய்க்கரைசல், அதாவது பானத்தை நொதிக்கவைக்கிற ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரை வளர்க்கிற கரைசல். அரை லிட்டர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் துருவிய இஞ்சி, இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுத் துணியால் மூடி, தினமும் அதே அளவு இரண்டையும் சேர்த்துக் கலக்கிவர வேண்டும். இதில் நிறையப் பேர் இஞ்சியைச் சுத்தமாகத் தோல் சீவிவிடுகிறார்கள். நமக்கு வேண்டிய ஈஸ்ட் இருப்பதே அந்தத் தோலில்தான். உழவர் சந்தையில் மண் ஒட்டியபடி கிடைக்கிற இஞ்சியை வாங்கி, மண் போக அலசி, தோலோடு துருவுங்கள். மூன்று நாலு நாளில் மேலே பொடிப்பொடியாக நுரை கட்டும், கலக்கினால் 'ஸ்ஸ்' என்று சத்தம் வரும், ரொட்டி மாவும் இஞ்சியும் கலந்த வாசம் அடிக்கும். அந்தச் சத்தம் வராமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். கறுப்பாகவோ பச்சையாகவோ பூஞ்சை பூத்திருந்தால் மேலாக வழித்துவிட்டுப் பயன்படுத்த நினைக்காமல் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். சிறுவாணியோ பவானியோ, கொதிக்க வைத்து ஆறவிட்டே எடுங்கள். நாட்டுச் சர்க்கரை போட ஆசையிருந்தால் பளீரென்று மஞ்சளாக இருப்பதை விட்டுவிட்டு, கவுந்தப்பாடிப் பக்கம் கிடைக்கிற கருத்த சர்க்கரையாகப் பார்த்து வாங்குங்கள். நிறத்துக்காகச் சேர்க்கிற ஹைட்ரோஸ் என்ற வெளுப்பு ரசாயனத்தின் மிச்சம் ஈஸ்ட்டை மந்தமாக்கிவிடும். பித்தளைப் போசி வேண்டவே வேண்டாம். புளிப்பு ஏற ஏறச் செம்பு கரைந்து இறங்கும். கண்ணாடி ஜாடியோ எவர்சில்வரோ போதும்.

அடுத்து, 2 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் இஞ்சியும் 200 கிராம் சர்க்கரையும் கொதிக்கவைத்து வடிகட்டி, இரண்டு எலுமிச்சம்பழம் பிழிந்து, தாய்க்கரைசலில் ஒரு டம்ளர் சேர்க்க வேண்டும். இங்கே அவசரப்பட்டுச் சூட்டோடு ஊற்றினால் ஈஸ்ட் அங்கேயே செத்துவிடும். பாத்திரத்தைத் தொட்டால் சூடே தெரியக் கூடாது.

இப்போது பாட்டில். நான் ரொம்பக் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். ஒரு லிட்டரில் 10 முதல் 15 கிராம் சர்க்கரை நொதித்தாலே சோடாவுக்கு வேண்டிய வாயு வந்துவிடுகிறது. நாம் போடுவதோ லிட்டருக்கு 100 கிராம். மீதியெல்லாம் இனிப்புக்கு மட்டுமல்ல, வாயுவாக மாறக் காத்திருக்கிற இருப்பும்கூட. இறுக மூடிய சாதாரணக் கண்ணாடி பாட்டில் அந்த அழுத்தத்தைத் தாங்காது, சிதறினால் கண் போய்விடும். பழைய ஜூஸ் பாட்டில், தேன் பாட்டில் எதிலும் ஊற்றாதீர்கள். முதல் தடவைக்குக் கடையில் வாங்கிக் குடித்த கூல்டிரிங்க்ஸ் பிளாஸ்டிக் பாட்டிலே போதும். கழுத்துக்குக் கீழே நாலு விரல் இடம் விட்டு ஊற்றி மூடுங்கள். காலையில் அமுக்கினால் மெத்தென்று இருந்த பாட்டில், வெயில் காலத்தில் அன்று ராத்திரிக்கே கல் மாதிரி ஆகிவிடலாம். அமுங்காத நிலை வந்ததும் நேராக ஃபிரிட்ஜில். அங்கேயும் நொதிப்பு நிற்காது, மெதுவாகும், அவ்வளவுதான். அதனால் ஒரு வாரத்துக்குள் குடித்துவிடுங்கள். நன்றாகக் குளிர்ந்த பிறகே திறக்க வேண்டும். சூடாக இருந்தால் வாயு திரவத்தில் தங்காமல் மொத்தமும் நுரையாகக் கிளம்பி, பாதிப் பானம் தரைக்குப் போய்விடும்.

இன்னும் நாலு நாள் வைத்தால் காரம் ஏறுமா என்று சிலர் கேட்கிறார்கள். ஏறுவது சாராயம். சர்க்கரை முழுக்க நொதித்தால் அது சாதாரண பீரையே மிஞ்சும். உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது தமிழ்நாட்டில் குற்றம். 1937-இல் ராஜாஜி அரசு மதுவிலக்கை முதலில் கொண்டுவந்ததே நம் பக்கத்துச் சேலம் மாவட்டத்தில்தான். இன்றைக்கும் அந்த ஆண்டின் சட்டம்தான் திருத்தங்களோடு நடப்பில் இருக்கிறது. எனவே சோடா அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். அப்படி நிறுத்தினாலும் கொஞ்சம் ஆல்கஹால் இருக்கவே செய்யும் என்பதால் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்க வேண்டாம்.

அவசரம் இல்லையென்றால் மார்கழி, தை வரை காத்திருந்து தொடங்குங்கள். அப்போது நொதிப்பு நிதானமாக நடக்கும், பாட்டிலைக் கவனிக்க உங்களுக்கும் அவகாசம் கிடைக்கும். பொங்கலுக்குக் கொத்தோடு வருகிற பச்சை மஞ்சளையும் இஞ்சியோடு பாதிக்குப் பாதி துருவிப் போடலாம், நன்றாகவே நுரைக்கும். கறை போகாது என்பதால் வடிகட்டும் துணியை மட்டும் அதற்கென்று தனியாக ஒதுக்கிவிடுங்கள்.