மணிக்கட்டு முறிவுக்குப் பிரண்டை கொடுக்கலாமா?

வணக்கம். கோத்தகிரியில் தேயிலைச் சரிவில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்த உங்கள் அம்மாவுக்கு, மாவுக்கட்டு போட்டு மூன்று வாரமான நிலையில், பச்சைப் பிரண்டைச் சாறும் முடவாட்டுக்கால் கிழங்குச் சூப்பும் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

பிரண்டைக்கு ஆய்வுப் பின்புலம் உண்டு. 1960களில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உடுப்பாவும் பிரசாத்தும் கதிரியக்கக் கால்சியத்தைக் கொண்டு விலங்குகளில் ஆராய்ந்து, பிரண்டை எலும்பு கூடுவதை விரைவுபடுத்துவதாக எழுதினார்கள். முடவாட்டுக்கால் ஒரு பெரணி. அதன் சீன உறவான செடியிலுள்ள நாரிஞ்சின் என்னும் சேர்மம், ஆய்வகத்தில் எலும்பாக்கச் செல்களைத் தூண்டுகிறது. ஆனால் வாய்வழியே உட்கொள்ளும் நாரிஞ்சினில் சிறு பங்கே இரத்தத்தை அடைகிறது என்பதால், சூப்பிலிருந்து அதே பலனை எதிர்பார்க்க முடியாது.

பச்சைச் சாறு மட்டும் வேண்டவே வேண்டாம். பிரண்டையிலுள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் தொண்டையை அரித்துவிடும். நம் வீடுகளில் செய்வதுபோல் இளந்தண்டின் நாரை உரித்து, நல்லெண்ணெயில் நன்கு வதக்கி, புளி சேர்த்துத் துவையலாக அரைத்துக் கொடுங்கள். சிறுநீரகக் கல் இருந்தவர் என்றால் அதையும் தவிர்த்துவிடுங்கள்.

எதற்காகவும் கட்டை முன்கூட்டியே பிரிக்காதீர்கள். விரல்களை மட்டும் அசைக்கச் சொல்லுங்கள். நின்ற நிலையிலிருந்து விழுந்ததற்கே எலும்பு முறிந்திருப்பதுதான் எனக்குக் கவலையளிக்கிறது. மூடுபனியிலும் கம்பளிச் சட்டையிலும் மாதங்களைக் கழிக்கும் நம் மலைவாசிகளுக்கு வெயில் போதாமல் போகலாம். ஆகவே, எலும்பு அடர்த்தியையும் வைட்டமின் டி அளவையும் பரிசோதிக்கும்படி அடுத்த முறை மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள்.