வயலுக்கும் தொழுவத்துக்கும் நடுவே: கேள்வி பதில்

பயிர் நோயியல் படித்துவிட்டுக் கால்நடை நலத்துக்கு வந்தவன் நான். இரண்டையும் சேர்த்தே கிராமங்களில் ஆய்வு செய்கிறேன். வந்த கேள்விகளில் சில இங்கே.

பயிர் ஒரு துறை, மாடு ஒரு துறை. ஏன் ஒன்றாகப் பார்க்கிறீர்கள்?

காலையில் களை பிடுங்கிய கைதான் சாயங்காலம் பால் கறக்கிறது. வீட்டில் பிரிக்காததை நாம் ஏன் பிரிக்க வேண்டும்? ஒருமுறை, பால் குறைந்துகொண்டே போன ஒரு பசுவைப் பார்க்கப் போனேன். மடி, வயிறு, காய்ச்சல் என்று எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றும் பிடிபடவில்லை. மூலையில் இருந்த மக்காச்சோள மூட்டைக்குள் கையை விட்டேன். அடியில் வெதுவெதுவென்று இருந்தது. வெளியே எடுத்தால் விரலெல்லாம் பச்சைப் பொடி. ஈரம் காயாமல் கட்டிய மூட்டை அது. தீவனத்தை மாற்றியதும் பால் மெல்ல ஏறியது.

பூசணம் பிடித்ததை மாடு தின்றால் நமக்கு என்ன? பாலைக் காய்ச்சித்தானே குடிக்கிறோம்?

காய்ச்சினால் போகாது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். அந்தப் பூசணம் உண்டாக்கும் நஞ்சின் பெயர் அஃப்ளடாக்சின். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தபோது, அவை தின்ற கடலைப் பிண்ணாக்கைச் சோதித்துத்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். மாடு தின்ற நஞ்சில் சுமார் 1 முதல் 6 சதவீதம் வரை உருமாறிப் பாலில் இறங்குகிறது. கல்லீரலைக் கெடுக்கும் பொருள் அது. அந்தப் பாலை அதிகம் குடிப்பது குழந்தைகள். மேலே படிந்ததைத் தட்டிவிட்டுப் போடாதீர்கள், நஞ்சு கண்ணுக்குத் தெரியாது. ஆறுதலான விஷயம், கெட்ட தீவனத்தை நிறுத்தினால் சில நாட்களிலேயே பால் தெளிந்துவிடும்.

நன்றாகக் காய்ந்ததா என்று கருவி இல்லாமல் எப்படிப் பார்ப்பது?

ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் கால்வாசி மக்காச்சோளம் போட்டு, நன்றாகக் காய்ந்த உப்பு இரண்டு கரண்டி சேர்த்துக் குலுக்குங்கள். கால் மணி நேரம் வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல், இன்னும் வெயில் வேண்டும். ஒட்டாவிட்டாலும் ஒரு நாள் கூடுதலாகக் காயவைத்துக் கட்டுவது நல்லது.

இளஞ்சோளத்தில் மேய்ந்த மாடு அரை மணி நேரத்தில் விழுந்து செத்துவிட்டது. பாம்பு கடித்திருக்குமா?

படிக்கவே வருத்தமாக இருக்கிறது. பாம்பைவிடச் சோளத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம். இளம் பயிரிலும், வறட்சியில் வாடிய பயிரிலும், வெட்டியபின் துளிர்த்த மறுதாம்பிலும் சயனைடாக மாறும் பொருள் அதிகம். மாடு மென்றதும் அது வெளிப்பட்டு, இரத்தத்தில் உள்ள ஆக்சிஜனை உடம்பு பயன்படுத்த முடியாமல் செய்துவிடும். அதனால் இரத்தம் பளிச்சென்று சிவந்திருக்கும். உரம் மிஞ்சிய பயிரால் வரும் நைட்ரேட் நஞ்சிலோ இரத்தம் சாக்லேட் நிறமாகிவிடும். இரண்டுக்கும் மாற்று மருந்து உண்டு, ஆனால் வேறு வேறு மருந்து. ஆகவே மருத்துவரிடம் நிறத்தைச் சொல்லுங்கள். இனி பூக்கும்வரை அந்த வயலில் மாட்டை விடாதீர்கள். அறுத்து உலர்த்தினால் சயனைடு குறையும். நைட்ரேட் குறையாது.

தேமல் நோய் வந்த செடியைத் தின்றால் ஆட்டுக்கு ஒட்டுமா?

ஒட்டாது. பயிரின் வைரஸ் ஆட்டைத் தொற்றாது. அந்தச் செடிக்கு மருந்தடித்தீர்களா என்பதுதான் கேள்வி. அடித்திருந்தால் டப்பாவில் போட்டிருக்கும் நாள் கழியும்வரை வரப்புப் புல்லும் வேண்டாம்.

ஆன்டிபயாடிக் ஊசி போட்ட மாட்டின் சாணத்தை வயலில் போடலாமா?

பச்சையாக வேண்டாம். மருந்தின் ஒரு பங்கு சாணத்திலும் மூத்திரத்திலும் வெளியேறி மண்ணுக்குப் போகிறது. குவித்து, உள்ளே கைவைக்க முடியாத அளவு சூடேற விட்டு, இரண்டு மூன்று முறை புரட்டி மக்கவையுங்கள். எல்லா மருந்தும் அழியாது, பெரும்பாலானவை குறையும். சரி, பாலை எத்தனை நாள் ஒதுக்குவது என்று மருத்துவரிடம் கேட்டீர்களா? சாணத்துக்கு முன் அதைக் கேளுங்கள்.