குழந்தையை யார் கணக்கில் எழுதுவீர்கள்?

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் இருக்கிறாள். குடியுரிமை பெற்று, முதன்முறையாக வாக்களிக்கப் போகிறாள். மாநிலச் சட்டமன்றத்துக்கு நிற்கும் லிபர்டேரியன் வேட்பாளர் ஒருவர் வீட்டு வாசலில் கொடுத்துவிட்டுப் போன துண்டுப்பிரசுரத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். கஞ்சா வைத்திருப்பது குற்றமில்லையாம். ஆணும் ஆணும் மணந்துகொண்டால் அரசாங்கத்துக்கு என்ன என்கிறார். மரண தண்டனை கூடாதாம். துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாமாம். பள்ளிக்கூடத்துக்காக ஊராரிடம் வரி வாங்குவது கொள்ளையாம். ஒழுக்கமும் இல்லை, இரக்கமும் இல்லை. இதெல்லாம் ஒரு கொள்கையா? குப்பையில் போடச் சொல்லிவிட்டேன். சரிதானே?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கும்பகோணம்

பதில்: சரியில்லை, ஐயா. அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நானாக இருந்தால் அந்த வேட்பாளருக்கு வாக்களிக்க மாட்டேன். ஆனால் நீங்கள் சொல்லும் காரணத்துக்காக அல்ல. ஒரே வீச்சில் தள்ளிவிட்டால், அவர் பேச்சில் நியாயம் எது, ஆபத்து எது என்று உங்கள் மகளுக்குப் பிரித்துப் பார்க்க வழியில்லாமல் போகும். உங்களுக்குக் கோபம் வந்த இடங்களில் பாதி, அவர் சரியாகப் பேசியிருக்கும் இடங்கள்.

மனம்போன போக்கில் எழுதிய பட்டியல் இல்லை அது. லிபர்டேரியன் கட்சி 1971 டிசம்பரில் கொலராடோவில் தொடங்கப்பட்டது. அவர்கள் கையில் ஒரே ஓர் அளவுகோல்தான்: ஒருவருடைய உடம்பும் உழைப்பும் அவருக்கே சொந்தம், அவர் அடுத்தவர்மேல் கை வைக்காதவரை அரசாங்கம் அவர்மேல் கை வைக்கக் கூடாது. கஞ்சாவுக்கும் அதே கோல், கல்யாணத்துக்கும் அதே கோல், துப்பாக்கிக்கும் வரிக்கும் அதே கோல். ஆகவேதான் பாதித் தாளைப் படித்தால் இடதுசாரி போலவும் மீதியைப் படித்தால் வலதுசாரி போலவும் தெரிகிறது. 2017இல் நியூ ஹாம்ப்ஷயர் சட்டமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் அவையில் மூன்று உறுப்பினர்கள் இந்தக் கட்சிக்கு மாறினார்கள். இருவர் குடியரசுக் கட்சியிலிருந்து வந்தவர்கள், ஒருவர் ஜனநாயகக் கட்சியிலிருந்து வந்தவர். அடுத்த ஆண்டுத் தேர்தலுக்குப் பிறகு மூவரில் ஒருவரும் அவைக்குத் திரும்பவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வேட்பாளரே வாசலுக்கு வருவது அந்த மாநிலத்தில் சாதாரணம். மக்கள்தொகை ஏறக்குறைய 14 லட்சம். பிரதிநிதிகள் அவையில் 400 இடங்கள். அதாவது மூவாயிரத்து ஐந்நூறு பேருக்கு ஓர் உறுப்பினர். சம்பளம் ஆண்டுக்கு 100 டாலர். 1889இல் நிர்ணயித்தது, இன்றுவரை மாறவில்லை. அப்படிப்பட்ட ஊரில் கதவைத் தட்டும் வேட்பாளரை நிறுத்தி வைத்து நேருக்கு நேர் கேள்வி கேட்கலாம். நமக்கு வாய்க்காத வசதி. அதை உங்கள் மகள் வீணாக்கக் கூடாது.

இப்போது உங்கள் கோபத்துக்கு வருகிறேன். 1972இல் இந்தக் கட்சி முதன்முதலாக வெளியிட்ட கொள்கை அறிக்கையிலேயே, வயதுவந்த இருவர் மனமொத்து வைத்துக்கொள்ளும் உறவைக் குற்றமாக்கும் சட்டங்களை நீக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அன்று அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் தன்பாலின உறவு சிறைக்கு அனுப்பும் குற்றம். இரண்டு பெரிய கட்சிகளின் அறிக்கைகளிலும் அப்படி ஒரு வரி இல்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த முடிவுக்கு வர 2003 ஆயிற்று. நம் உச்ச நீதிமன்றத்துக்கு 2018. முப்பது ஆண்டுகள் முன்பே ஒரு சிறிய கட்சி, வெல்ல வாய்ப்பில்லை என்று தெரிந்தே, அதை எழுதி வைத்தது. அதை ஒழுக்கக்கேடு என்று நீங்கள் சொல்லலாம். நான் துணிவு என்பேன்.

மரண தண்டனையிலும் அப்படித்தான். நியூ ஹாம்ப்ஷயர் 2019இல் அதை ஒழித்தது. ஆளுநர் கிறிஸ் சுனுனு ஒப்புதல் தர மறுத்தார். (அங்கே ஆளுநர் மக்கள் வாக்கில் வருபவர், அவர் மறுப்பை மீற இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்.) பிரதிநிதிகள் அவை 247க்கு 123 என்றும், செனட் 16க்கு 8 என்றும் வாக்களித்து அவர் மறுப்பைத் தள்ளின. செனட்டில் ஒரு வாக்குக் குறைந்திருந்தாலும் தோற்றிருக்கும். கருணையால் வாக்களித்தவர்களோடு, குடிமகனின் உயிரை எடுக்கும் அளவுக்கு எந்த அரசாங்கத்தையும் நம்ப முடியாது என்ற எண்ணத்தில் வாக்களித்தவர்களும் அந்தப் பக்கம் நின்றார்கள். இந்த இரண்டாவது வாதம் லிபர்டேரியன்களுடையது. நான் அதைத் தலைவணங்கி ஏற்கிறேன். இரக்கமில்லை என்று எழுதினீர்களே, அந்த வார்த்தையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.

கஞ்சாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிறிதளவு கஞ்சா வைத்திருந்ததற்காக இளைஞனைச் சிறையில் தள்ளினால் அவன் திருந்தி வருவதில்லை. அந்த மாநிலமே 2017இல் சிறிய அளவுக்குச் சிறை வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டது. துப்பாக்கி விஷயத்தில் எனக்கு அவரோடு ஒட்டு உறவே இல்லை.

இவ்வளவு தூரம் அவர் பக்கம் நின்றுவிட்டு, ஏன் வாக்களிக்க மாட்டேன் என்கிறேன்? அந்த அளவுகோல் குழந்தையைக் கணக்கில் எடுக்கவில்லை. என் உடம்பு, என் பணம், என் விருப்பம் என்பதெல்லாம் வளர்ந்த ஆள் பேசும் பேச்சு. ஆறு வயதுப் பிள்ளைக்குப் பணமும் இல்லை, ஒப்பந்தம் போடும் வயதும் இல்லை. அதன் விருப்பத்தை யார் கேட்பது? அதன் பங்கை யார் கொடுப்பது?

அந்த மாநிலமே இந்தக் கோட்டைத் தன் சட்டத்தில் போட்டு வைத்திருக்கிறது. அமெரிக்காவில் பெரியவர்களுக்கு சீட் பெல்ட் கட்டாயம் இல்லாத ஒரே மாநிலம் நியூ ஹாம்ப்ஷயர். ஆனால் 18 வயதுக்குக் கீழ் என்றால் பெல்ட் போட்டே ஆக வேண்டும். உன் உயிர் உன் பாடு என்று பெரியவரிடம் சொல்லத் துணிந்த சட்டம், பின்சீட்டில் இருக்கும் பிள்ளையிடம் அப்படிச் சொல்லவில்லை.

இனி க்ராய்டனுக்கு வாருங்கள். அதே மாநிலத்தில் எண்ணூறு பேர் வாழும் ஊர். நான்காம் வகுப்பு வரை உள்ளூரில் ஒரு சின்னப் பள்ளி. அதற்கு மேல் படிக்கும் பிள்ளைகளைப் பக்கத்து ஊர்ப் பள்ளிகளுக்கு அனுப்பி, கட்டணத்தை ஊர் கட்டும். 2003இல் லிபர்டேரியன் எண்ணம் உள்ளவர்கள், எல்லோரும் ஒரே மாநிலத்தில் குடியேறி அதன் அரசியலை மாற்றுவோம் என்று வாக்கெடுப்பு நடத்தி நியூ ஹாம்ப்ஷயரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த இயக்கத்தைச் சேர்ந்த ஒருவர் க்ராய்டன் ஊர் நிர்வாகக் குழுவில் இருந்தார்.

2022 மார்ச் 12, சனிக்கிழமை. ஆண்டுதோறும் நடக்கும் ஊர்க்கூட்டம். பள்ளிக்கான வரவு செலவு 17 லட்சம் டாலர். அந்த உறுப்பினர் எழுந்து, இதை 8 லட்சமாகக் குறைக்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். பள்ளி கேட்ட தொகையை ஊரார் கேட்டபடி கொடுத்துக்கொண்டிருப்பது பணயத்தொகை கொடுப்பதைப் போன்றது என்பது அவர் வாதம். அப்படி ஒரு திருத்தம் வரப்போகிறது என்று ஊரில் பெரும்பாலோருக்கு முன்கூட்டித் தெரியாது. கூட்டத்துக்கு வந்திருந்தவர்களோ விரல்விட்டு எண்ணும் அளவுதான். 20க்கு 14. நிறைவேறிவிட்டது. இருபது பேர் ஒரு காலைப்பொழுதில் அந்த ஊரில் படிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்குமான பணத்தைப் பாதிக்கும் கீழே வெட்டிவிட்டார்கள். பாக்கிக் கட்டணத்தைப் பெற்றோர் கைக்காசிலிருந்து கட்ட வேண்டும், இல்லாவிட்டால் வேறு வழி பார்க்க வேண்டும்.

ஊர் விழித்துக்கொண்டது. முடிவை மாற்ற வேண்டுமானால் பதிவு செய்த வாக்காளர்களில் பாதிப் பேராவது சிறப்புக் கூட்டத்துக்கு வர வேண்டும். க்ராய்டனில் அது 283 பேர். வீடு வீடாகப் போனார்கள், தொலைபேசியில் அழைத்தார்கள். எதிர்த்தரப்பு, யாரும் கூட்டத்துக்குப் போகாதீர்கள் என்று சொல்லிப் பார்த்தது. மே 7ஆம் தேதி ஊரே திரண்டு வந்தது. பழைய தொகையே வேண்டும் என்று 377 பேர். வேண்டாம் என்று 2 பேர்.

அந்த 377 பேரில் குடியரசுக் கட்சிக்காரர்கள் இருந்தார்கள், வரி என்றாலே முகம் சுளிப்பவர்கள் இருந்தார்கள், பேரப்பிள்ளைகள் வேறு ஊரில் வளரும் கிழவர்கள் இருந்திருப்பார்கள். தங்கள் பணத்தைத் தாங்களே கொடுக்க வந்தவர்கள் அவர்கள். வரி என்பது கொள்ளை என்றால், கொள்ளை போவதற்கா அத்தனை பேர் வரிசையில் நின்றார்கள்?

நான் இதில் நடுநிலையாளன் அல்லன். ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் படித்தவன். என் படிப்புக்குப் பணம் கொடுத்தவர்களில் பிள்ளையே இல்லாதவர்களும் உண்டு. ஆனாலும் அந்த வேட்பாளரின் வரிக் கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். நியூ ஹாம்ப்ஷயரில் விற்பனை வரி இல்லை, சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. பள்ளிச் சுமையில் பெரும்பகுதி வீட்டு வரியின் தலையில் விழுகிறது. ஓய்வூதியத்தில் வாழும் மூதாட்டிக்கு அது பாரம்தான். க்ராய்டன் இருக்கும் அதே மாவட்டத்தில் (அங்கே கவுண்டி என்பார்கள்) உள்ள க்ளேர்மாண்ட் நகரம் தொடுத்த வழக்கில், இப்படி ஊருக்கு ஊர் ஏற்றத்தாழ்வாக வரி போட்டுப் பள்ளி நடத்துவது அரசமைப்புக்கு விரோதம் என்று மாநில உச்ச நீதிமன்றம் 1997இல் தீர்ப்பே சொல்லியிருக்கிறது. அதே வழக்கில் 1993இல் இன்னொன்றும் சொன்னது: போதுமான கல்வி தருவது மாநிலத்தின் கடமை. வேட்பாளர்கள் 1997 தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு 1993 தீர்ப்பை விட்டுவிடக் கூடாது. 1978இல் அலாஸ்காவில் டிக் ராண்டால்ஃப் என்பவர்தான் இந்தக் கட்சி சார்பில் முதன்முதலாக ஒரு மாநிலச் சட்டமன்றத்துக்குப் போனார்; 1980இல் அந்த மாநிலம் வருமான வரியையே ஒழித்தது. அங்கே நிலத்துக்கு அடியில் எண்ணெய் இருந்தது. க்ராய்டனில் என்ன இருக்கிறது?

கல்விக்கு அடுத்தபடி கல்யாணம். 2018 வரை நியூ ஹாம்ப்ஷயரில் பெற்றோரும் நீதிபதியும் சம்மதித்தால் 13 வயதுப் பெண்ணுக்கும் 14 வயதுப் பையனுக்கும் திருமணம் செய்துவைக்கலாம். பாரிங்டன் ஊரைச் சேர்ந்த சாரணியர் மாணவி கசாண்ட்ரா லெவெஸ்க் இதைக் கேள்விப்பட்டு, தன் சாரணியர் பணியாகவே இதை மாற்ற இறங்கினார். 2017இல் மசோதா அவையில் தோற்றது. ஒரு சிறுமி கேட்டாள் என்பதற்காக நூறாண்டுச் சட்டத்தை மாற்றுவதா என்றார் ஓர் உறுப்பினர். அடுத்த ஆண்டு வயது 16 ஆனது. அதே ஆண்டுத் தேர்தலில் அந்தப் பெண்ணே, 19 வயதில், அந்த அவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். திருமண வயது 18 ஆவதற்கு 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு விவாதத்திலும் ஒரு குடியரசுக் கட்சி உறுப்பினர், திருமணம் செய்யும் சுதந்திரத்தைக் கட்டுப்படுத்துவதா என்று கேட்டார். அவர் லிபர்டேரியன் கட்சிக்காரர் அல்லர். ஆனால் வார்த்தை அவர்களிடமிருந்து வந்த வார்த்தை. பதினாறு வயதுப் பெண்ணின் கல்யாணத்தில் யாருடைய சுதந்திரம் காப்பாற்றப்படுகிறது என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

இந்தச் சிந்தனையின் முக்கிய எழுத்தாளர் மர்ரே ராத்பார்ட், பெற்ற பிள்ளைக்குச் சோறு போட வேண்டும் என்று சட்டம் பெற்றோரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றே 1982இல் எழுதினார். அவரைப் படித்த லிபர்டேரியன்களில் பலர் இந்த இடத்தில் அவரை விட்டு விலகிக்கொண்டார்கள். ஆனால் அளவுகோலைக் கடைசிவரை பிடித்துக்கொண்டு போனால் போய்ச் சேரும் இடம் அதுதான். கருக்கலைப்பிலும் அவர்களால் ஒன்றாக நிற்க முடியவில்லை. அரசாங்கம் தலையிடக் கூடாது, அவரவர் மனசாட்சிக்கே விட வேண்டும் என்று பல ஆண்டுகளாக இருந்த பகுதியை 2022 மாநாட்டில் கொள்கை அறிக்கையிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

அதனால், ஐயா, மகளிடம் தொலைபேசியில் பேசும்போது இந்த ஆளை விட்டுத் தள்ளு என்று சொல்லாதீர்கள். அவர் மறுபடியும் வாசலுக்கு வந்தால் உட்கார வைத்து ஒரு காபி கொடுக்கச் சொல்லுங்கள். மரண தண்டனை பற்றி அவர் எழுதியதற்கு நன்றி சொல்லட்டும். பிறகு, 2022 மே 7ஆம் தேதி நீங்கள் க்ராய்டனில் இருந்திருந்தால் அந்த 377 பேரில் ஒருவராக இருந்திருப்பீர்களா, 2 பேரில் ஒருவராக இருந்திருப்பீர்களா என்று கேட்கட்டும். அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.