உடலுக்கு வெளியே உயிரோடு ஓர் உறுப்பு: கேள்வி பதில்

சார், வெட்டி எடுத்த இதயம் நரம்பே இல்லாமல் எப்படித் துடிக்கிறது?

துடிப்பைத் தொடங்குவது மூளை இல்லை, இதயத்தின் வலது மேலறையில் இருக்கும் சைனஸ் கணு என்ற செல் தொகுதி. நரம்புகள் வேகத்தைக் கூட்டும், குறைக்கும், அவ்வளவுதான். 1895இல் ஜெர்மனியின் ராஸ்டாக் நகரில் ஆஸ்கார் லாங்கென்டார்ஃப், வெட்டி எடுத்த பூனை இதயம் தானாகத் துடிப்பதைக் காட்டினார். இதயத்திலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் மகாதமனியில் குழாயைக் கட்டி ரத்தத்தைப் பின்னோக்கி விட்டார். அந்த அழுத்தத்தில் மகாதமனி வால்வு மூடிக்கொள்ளும். ரத்தம் இதயத் தசைக்கே ஊட்டம் தரும் கரோனரி நாளங்களுக்குள்தான் போயாக வேண்டும். இன்றைக்கும் இந்த முறை அவர் பெயரில்தான் நடக்கிறது.

எங்கள் லேபில் எலி இதயத்துக்கு உப்புக் கரைசல்தான் விடுகிறோம். ரத்தம் எதற்கு?

எலிக்கு கிரெப்ஸ்-ஹென்செலைட் என்ற அந்த உப்புக் கரைசல் போதும், தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் 95% ஆக்சிஜன் ஊதினாலும் ஒரு லிட்டர் கரைசலில் சுமார் 20 மி.லி. ஆக்சிஜன்தான் கரையும். ரத்தத்தில் அது 200 மி.லி. அளவுக்கு இருக்கும். பற்றாக்குறையை ஈடுகட்ட நாளங்கள் ஏற்கெனவே அகலத் திறந்திருக்கும். அந்த நிலையில் நாளத்தை விரிக்கும் மருந்தைச் சோதித்தால் என்ன தெரியப்போகிறது? அதோடு நீரை நாளத்துக்குள் பிடித்துவைக்கும் ஆல்புமின் புரதம் கரைசலில் கிடையாது. நீர் திசுவுக்குள் கசிந்து இதயம் வீங்கிக்கொண்டே போகும்.

ரத்தம் குழாயில் உறைந்துவிடாதா ஐயா?

இப்போது உறைதலைத் தடுக்க ஹெப்பாரின் மருந்து இருக்கிறது. முன்பு ரத்தத்தைக் கடைந்து, உறைகட்டியாக்கும் ஃபைப்ரின் நாரை எடுத்துவிடுவார்கள். அதில்தான் வம்பு வந்தது. 1920களில் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஸ்டார்லிங், வெர்னி என்ற உடலியல் ஆய்வாளர்கள் நாயின் சிறுநீரகத்தைத் தனியாக இயக்கினார்கள். கடைந்த ரத்தத்தை வெறும் பம்பால் செலுத்தினால் சிறுநீரக நாளங்கள் சுருங்கி ஓட்டம் குறைந்தது. அதே ரத்தத்தை நுரையீரல் வழியாகச் சுற்றவிட்டால் ஒழுங்காக ஓடியது. நுரையீரல் எதையோ நீக்குகிறது என்று புரிந்துகொண்டார்கள். ரத்தம் உறையும்போது பிளேட்லெட்டுகள் (ரத்தத் தட்டணுக்கள்) வெளிவிடும் சுருக்கும் பொருளை 1948இல் கிளீவ்லாந்தில் பிரித்தெடுத்தார்கள்: செரோடோனின். அதை நுரையீரல் நாளங்களின் உட்சுவர் உறிஞ்சிவிடும் என்பது அதற்கும் பிறகு தெரிந்தது.

இன்னொன்றும் நடந்தது. அந்தச் சிறுநீரகம் தண்ணீர் போன்ற சிறுநீரை நிறையக் கொட்டியது. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதிச் சாற்றைச் சேர்த்ததும் அளவு குறைந்து செறிவு கூடியது. முழு விலங்கில் இவ்வளவு துலக்கமாக இதைப் பார்த்திருக்க முடியுமா என்பது சந்தேகம்தான்.

எவ்வளவு நேரம் தாங்கும்?

ஆய்வக மேசையில் பொதுவாகச் சில மணி நேரம். சூரிச் குழு 2020இல் மனிதக் கல்லீரலை ஒரு வாரம் வைத்திருந்தது. சர்க்கரையைக் குறைக்கும் இன்சுலினும் கூட்டும் குளுக்ககானும் கொடுத்துச் சர்க்கரையைச் சமன் செய்தார்கள், கழிவுக்கு டயாலிசிஸ் வைத்தார்கள், உதரவிதானம் அசைப்பதுபோல் கல்லீரலையும் அசைத்தார்கள்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் செத்த பன்றியின் மூளைக்கு உயிர் கொடுத்தார்களாமே?

தலைப்புச் செய்தியை நம்பாதீர்கள். 2019இல் வெளிவந்த ஆய்வு அது. இறைச்சிக்கூடத்துப் பன்றி மூளைகளில், இறந்து 4 மணி நேரம் கழித்து, ஹீமோகுளோபின் சேர்த்த செயற்கைத் திரவத்தை 6 மணி நேரம் செலுத்தினார்கள். பல செல்கள் இயங்கின. ஆனால் விழிப்பைக் காட்டும் மின் அலை எதுவும் வரவில்லை. திரவத்திலேயே நரம்புச் செயலைத் தடுக்கும் மருந்தும் இருந்தது.

இறைச்சிக்கூடத்துப் பன்றி இதயத்தில் பழகலாம் என்றிருக்கிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

அதே பன்றியின் ரத்தத்தையே ஹெப்பாரின் கலந்து பிடித்துக்கொள்ளுங்கள். இதயத்தை எடுத்த கையோடு குளிர்ந்த கரைசலால் அலசுங்கள், தாமதம் வேண்டாம். குழாயைக் கட்டும் முன் காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லை என்று இரண்டு முறை பாருங்கள். கரோனரிக்குள் காற்று புகுந்தால் அந்த இடத்துத் தசைக்கு ரத்தம் நின்றுவிடும். அன்றைய அளவீடு எதையும் நம்ப முடியாது.