எழுந்து நின்று என்ன சொல்வது?

போர் வரலாறு: வாசகர் கேள்வி – பதில்

மயிலாப்பூரில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கூடிப் போர் வரலாறு பேசுவதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். புதிதாக வர விரும்புகிறவர்களிடமிருந்து நிறையக் கடிதங்கள். முதல் நாள் தன்னைப் பற்றி என்ன சொல்ல வேண்டும் என்பதுதான் முக்கால்வாசிப் பேருடைய கவலை. நாலு கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

தாம்பரம் வாசகர்: பி.காம். படித்துவிட்டு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். எங்கள் குடும்பத்தில் யாரும் பட்டாளத்துக்குப் போனதில்லை. புத்தகம் படித்து வந்த ஆர்வம்தான். ஓய்வுபெற்ற அதிகாரிகள் நடுவில் நான் எழுந்து நின்று என்ன சொல்வது?

எங்களோடு உட்காருகிற இருபது பேரில் சீருடை போட்டவர்கள் ஐந்தாறு பேர்தான். மற்றவர்கள் வங்கி, ரயில்வே, பள்ளிக்கூடம். ஒருவர் அச்சகம் வைத்திருக்கிறார். அதனால் பயப்படாமல் வாருங்கள்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் "எனக்கு இரண்டாம் உலகப் போரில் ஆர்வம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். அதற்கு மேல் அவர்களிடம் என்ன கேட்பது என்று எங்களுக்குத் தெரிவதில்லை. ஓர் இடம், ஒரு நாள், ஓர் ஆள் என்று சின்னதாகச் சொன்னால் போதும், பேச்சு தானாகப் பிடித்துக்கொள்ளும்.

உங்கள் ஆபீஸ் வேலையை ஏன் மறைக்கிறீர்கள்? அதில் இருந்தே தொடங்கலாமே. பிரெஞ்சுத் தளபதி லாலி 1758 டிசம்பரில் புனித ஜார்ஜ் கோட்டையை முற்றுகை இட்டார். 1759 பிப்ரவரியில் ஆங்கிலேயக் கப்பல்கள் வந்து சேர்ந்ததும் விட்டுவிட்டுப் போக வேண்டியதாயிற்று. கப்பல்களைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். லாலியிடம் காசு இல்லை என்பதைப் பேச ஆள் குறைவு. அதே ஆண்டு சம்பளப் பாக்கிக்காக அவருடைய படைவீரர்களே கலகம் செய்தார்கள். 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டிடம் அவர் தோற்றார். ஒரு படைக்கு மாதம் எவ்வளவு செலவாகும், அரிசி, மாடு, வெடிமருந்து எல்லாம் யார் தலையில் விழும், கடன் கொடுத்தவர் யார் என்று கணக்குத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து பார்த்துச் சொல்ல எங்களிடம் இதுவரை ஆள் இல்லை. "நான் ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறேன், லாலியின் கணக்கு எங்கே கிடைக்கும்?" என்று கேட்டு உட்காருங்கள். அன்றைக்கு முழுக்க உங்களை விடமாட்டோம். வந்தவாசியும் தாம்பரத்திலிருந்து காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் திரும்பிவிடக்கூடிய தூரம்தான்.

பெரம்பூர் வாசகி: சென்னையில் குண்டு விழுந்தபோது ஊரே காலி செய்துகொண்டு ஓடியதைப் பாட்டி கதை கதையாகச் சொல்வார். எம்டன் கப்பல் போட்ட குண்டு என்பார். அவருடைய அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவராம். கையில் ஆதாரம் எதுவும் இல்லை. இதைச் சொன்னால் மதிப்பார்களா?

கட்டாயம் சொல்லுங்கள். "பாட்டி சொன்னார்" என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். யார் வாயில் இருந்து வந்தது என்று தெரிந்தால்தான் அதை எடைபோட முடியும்.

அதற்கு முன்னால் வீட்டில் ஒன்றை விசாரித்துக்கொண்டு வாருங்கள்: பாட்டி எந்த வருஷம் பிறந்தார்? ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் வந்தது 1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி வாக்கில். ஏறக்குறைய 130 குண்டுகள் சுட்டது. துறைமுகத்தை ஒட்டி இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டேங்குகள் பற்றி எரிந்தன. ஆட்களும் செத்தார்கள். உயர் நீதிமன்றத்தின் கிழக்குப் பக்கச் சுவரில் அந்த நினைவுக்கல்லை இன்றும் பார்க்கலாம். அப்போதும் ஜனங்கள் ஊரை விட்டுப் போனார்கள். ஆனால் 1942 ஏப்ரலில், ஜப்பான்காரன் வருகிறான் என்ற பயத்தில் ஊர் இன்னொரு முறை காலியானது. அரசு அலுவலகங்களையே வெளியூருக்கு மாற்றினார்கள். 1943 அக்டோபரில் ஒரு ஜப்பானிய விமானம் வந்து குண்டு வீசிவிட்டும் போனது.

பல வீடுகளில் இந்த இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன. எம்டன் என்ற பேர் நம் பேச்சிலேயே தங்கிவிட்டதால் எல்லாக் குண்டும் எம்டன் குண்டாகிவிட்டது. பாட்டி 1930களில் பிறந்தவர் என்றால், தன் கண்ணால் பார்த்ததாக அவர் சொல்வது 1942 ஆகத்தான் இருக்கும். விளக்கைச் சுற்றிக் கறுப்புத் தாள் ஒட்டியது, சங்கு ஊதியதும் ஒளிந்துகொண்டது என்றெல்லாம் சொன்னாரா? அப்படியானால் அதுவும் இரண்டாவதுதான். அவருடைய அப்பா சொல்லக் கேட்டதாக வருவது 1914 ஆக இருக்கலாம். ஒரு நோட்டில் இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதிப் பாருங்கள். எந்த மாட்டு வண்டி எந்த வருஷத்தில் கிளம்பியது என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவரும். அந்த நோட்டைக் கொண்டுவந்தீர்கள் என்றால் அதைவிடப் பெரிய அறிமுகம் வேண்டாம்.

அம்பத்தூர் வாசகி: எனக்கு டாங்க், துப்பாக்கிப் பெயர் எதுவும் தெரியாது. பெண்கள் வருவது உண்டா? வரலாமா?

வருவது உண்டு. இன்னும் அதிகமாக வர வேண்டும் என்பது என் ஆசை. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் லட்சுமி, 1943இல் சிங்கப்பூரில், நேதாஜியின் ராணுவத்தில் பெண்களுக்கான ஜான்சி ராணி படையின் தலைமையை ஏற்றார். அதில் சேர்ந்த பெண்களில் நிறையப் பேர் மலாயாத் தோட்டங்களில் ரப்பர் பால் எடுத்துக்கொண்டிருந்த தமிழ்ப் பெண்கள். அவர்களைப் பற்றிப் பேச துப்பாக்கிப் பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. டாங்க் பற்றி வேண்டுமென்றால் உங்கள் பக்கத்து ஆவடியிலேயே கேட்கலாம். 1965இல் விஜயந்தா டாங்க் அங்கேதான் உருவாகி வெளியே வந்தது. அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள் உங்கள் தெருவிலேயே இருக்கக்கூடும்.

வில்லிவாக்கம் வாசகி: மாமனாரின் டிரங்குப் பெட்டியில் இரண்டு பதக்கங்கள் கிடைத்தன. ஒன்று நட்சத்திரம், ஒன்று வட்டம். கறுத்துப்போயிருக்கின்றன. தேய்த்துக் கொண்டுவரட்டுமா? அவர் போரைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் என்னவென்று சொல்ல?

அம்மா, தயவுசெய்து தேய்க்காதீர்கள். புளி, விபூதி, பாலிஷ் எதுவும் வேண்டாம். வட்டப் பதக்கத்தை ஜன்னல் ஓரம் எடுத்துப்போய், முகத்தை விட்டுவிட்டு விளிம்பைப் பாருங்கள், நாணயத்தின் ஓரத்தைப் பார்ப்பதுபோல. சுதந்திரத்துக்குப் பிறகு நம் ராணுவம் கொடுத்ததாக இருந்தால் அங்கே பொடி எழுத்தில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு இருக்கும். முதலில் தேய்வது அந்த எழுத்துதான். நட்சத்திரம் வெண்கலத்தில் ஆறு முனையோடு, ரிப்பன் நடுவில் அகலமான சிவப்பும் இரண்டு பக்கமும் கருநீலமும் அதற்குள் ஆரஞ்சுக் கோடும் இருந்தால் அது பர்மா ஸ்டார். அதில் பெரும்பாலும் பெயர் இருக்காது. அதனால் பெட்டியில் உள்ள தாள், கவர், பென்ஷன் புத்தகம் எதையும் பிரிக்காமல், பதக்கத்தோடு ஒரே பையில் கொண்டுவாருங்கள். எண் கிடைத்துவிட்டால் மேலே போகலாம். மதராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரியில் வெலிங்டன், பாலமும் பாதையும் போடுகிற சாப்பர்ஸ் என்றால் பெங்களூர், அங்கே விசாரிக்கலாம்.

அவர் பேசவில்லை என்கிறீர்கள். என் அப்பாவும் பேசவில்லை. 1943இல் மதராஸ் சாப்பர்ஸில் சேர்ந்தார், பர்மா போனார், 1946இல் திரும்பினார். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அயனாவரத்தில் நாங்கள் வாடகை வீடு மாறும்போதெல்லாம் பீரோவைத் தூக்க நாலு பேர் போதும் என்று அம்மா சொல்வார். அப்பா கேட்கமாட்டார். "ஆறு பேர் வேணும். இன்னும் ரெண்டு பேரைக் கூப்பிடு" என்பார். அடியில் மூன்று கம்புகளைக் குறுக்கே விட்டு, பக்கத்துக்கு மூன்று பேராக, உயரம் பார்த்து ஜோடி சேர்த்து நிறுத்துவார். ஒன்று, இரண்டு என்று எண்ணி ஒரே நேரத்தில் தூக்கச் சொல்வார்.

நான் முதல்முறை கூட்டத்துக்குப் போனபோது சொல்வதற்கு வேறு எதுவும் இல்லாமல் இதைத்தான் சொன்னேன். மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு சுபேதார் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, அது பெய்லி பாலம்" என்றார். துண்டு துண்டாகக் கொண்டுபோய் அங்கேயே சேர்த்துப் போடுகிற ராணுவப் பாலம் அது. பத்தடி நீள இரும்புப் பலகம், சுமார் 260 கிலோ, ஒவ்வொன்றையும் மூன்று கம்பு விட்டு ஆறு பேர் சுமப்பார்கள். பர்மாவில் நதி நதியாக அப்படித்தான் பாலம் போட்டார்களாம். அப்பா இறந்து அப்போது பதினோரு வருஷம்.

உங்கள் மாமனார் வீட்டில் எப்படி நடந்துகொள்வார், எதில் பிடிவாதம் பிடிப்பார், எதைத் தொடவிடமாட்டார் என்று சொல்லுங்கள். நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்.