தலைக்கு மேலே டேங்க்: ஏணி பற்றிச் சில கேள்விகள்

விமானப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது பாளையங்கோட்டையில் இருக்கிறேன். இறக்கை மேலே இருக்கும் சிறு விமானங்களில் எரிபொருளை ஏறிப் பார்ப்பது பற்றி நம் பக்கத்துப் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்டவற்றுக்குப் பதில்கள் இவை.

அண்ணாச்சி, நான் ஐந்தடிதான் இருப்பேன். பயிற்சி செஸ்னா 172-ல். எல்லோரும் ஸ்ட்ரட்டில் (இறக்கையைத் தாங்கும் சாய்கம்பி) உள்ள சின்னப் படியில் கால் வைத்து ஏறி டேங்க் மூடியைத் திறக்கிறார்கள். எனக்கு எட்டவில்லை, வழுக்கவும் செய்கிறது. ஸ்டூல் கேட்டால் சிரிப்பார்களோ? (வள்ளியூர் மாணவி)

சிரிக்கிறவன் சிரிக்கட்டும் தாயி, நீ கேள். அந்தப் படியும் பிடியும் ஏறுவதற்கென்றே வைத்தவைதான், தப்பில்லை. ஆனால் ஒரு கை பிடியில் இருந்தால் மூடியைத் திருக ஒரு கைதான் மிச்சம். டிப்ஸ்டிக்கை, அதான் எரிபொருளை அளக்கும் குச்சியை, எந்தக் கையால் விடுவாய்? அதனால்தான் பலர் மூடியைத் தடவிப் பார்த்து, 'இறுக்கமாகத்தான் இருக்கு' என்று இறங்கிவிடுகிறார்கள். சோம்பல் இல்லை, நிற்க இடம் இல்லை.

இறக்கையின் மேல்பரப்பு ஏறத்தாழ ஏழடி உயரம். உனக்கு மூன்று படி மடக்கு ஸ்டூல் வேண்டும், உச்சிப்படி இரண்டே முக்கால் அடியாவது இருக்கட்டும். தன் காலில் தானே நிற்கிற ஸ்டூலாகப் பார். சாய்த்து வைக்கிற ஏணி வேண்டவே வேண்டாம். சாய்த்தால் இறக்கையின் முன்விளிம்பில்தான் சாயும். அது மெல்லிய அலுமினியத் தகடு, நசுங்கினால் பளபளப்பு மட்டும் போவதில்லை, காற்று ஓடும் வடிவமே கெடும்.

ஏறுமுன் சாவி வெளியே, மாஸ்டர் சுவிட்ச் ஆஃப். ஸ்டூலை முன்விளிம்புக்கு முன்னால், புரொப்பெல்லர் சுற்றும் இடத்துக்கு வெளியே போடு. இடது பக்கம் போகும்போது இறக்கைக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் பிட்டோ குழாயில் இடித்துவிடாதே. எதிர்க்காற்றை வாங்கி வேகம் காட்டும் வேகமானியின் உயிரே அதில்தான். ஆனி, ஆடிக் காற்று நம் பக்கம் எப்படி அடிக்கும் என்று ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளைப் பார்த்து வளர்ந்த உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாதங்களில் ஸ்டூலை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். இறங்கியதும் கையோடு எடுத்துவிடு, அப்புறம் எடுக்கலாம் என்று இறக்கைக்கு அடியில் விடாதே.

காரில் பெட்ரோல் முள்ளைப் பார்த்துத்தானே ஓட்டுகிறோம். விமானத்துக்கு மட்டும் ஏன் ஏறி இறங்க வேண்டும்? மகன் பைலட் ஆகப் போகிறான் என்று பார்த்தால் ஏணியைத் தூக்கிக்கொண்டு அலைகிறான். (அம்பாசமுத்திரம், ஒரு தந்தை)

ஐயா, கார் நின்றால் ஓரமாகத் தள்ளிவிடலாம். பழைய செஸ்னாக்களில் டேங்குக்குள் மிதவை, அதிலிருந்து ஒரு கம்பி, முன்னால் ஒரு முள், அவ்வளவுதான். எரிபொருள் குலுங்கினால் முள்ளும் ஆடும். அதனால் முள், கண், குச்சி மூன்றும் ஒத்துப்போக வேண்டும். மகன் ஏணி தூக்குவதைப் பார்த்துச் சந்தோஷப்படுங்கள்.

மேலே ஏறினால் இன்னொன்றும் தெரியும்: மூடியின் ரப்பர் சீல். அது வெடித்திருந்தால் ஐப்பசி மழை நேரே டேங்குக்குள் போகும். மூடி சரியாக உட்காராவிட்டால், பறக்கும்போது இறக்கையின் மேலே அழுத்தம் குறைவு என்பதால் எரிபொருள் உறிஞ்சப்பட்டு வெளியே போய்விடும். இது கீழே நின்று பார்த்தால் தெரியாது.

முள் கால் டேங்க் காட்டியது, டிப்ஸ்டிக் காய்ந்தே வந்தது. எதை நம்புவது?

குறைவாகச் சொல்வதை நம்பு. இறக்கை நுனிப்பக்கம் சற்றே உயர்ந்திருப்பதால், எரிபொருள் குறையும்போது அது உள்பக்கம், உடலை ஒட்டித் தேங்கும். மூடிக்கு நேர் கீழே ஒன்றுமே இருக்காது. டேங்கில் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் எவ்வளவு என்று அந்தக் குச்சியால் சொல்ல முடியாது. அதை வைத்துக் கணக்குப் போடாதே, நிரப்பிவிட்டுப் போ. நிறுத்திய தரை சமமாக இருக்கிறதா என்றும் பார். சரிவில் நிறுத்தினால் ஒரு டேங்கிலிருந்து மற்றதற்கு ஓடிவிடும். அப்படி நிறுத்த நேர்ந்தால் எந்த டேங்கிலிருந்து எடுப்பது என்று தேர்ந்தெடுக்கும் செலக்டரை இடது அல்லது வலதில் வைத்துவிட்டு இறங்கு. இன்னொன்று, ஒரு மாடலின் குச்சியை இன்னொரு மாடலில் விடாதே.

குச்சியில் கேலன், எரிபொருள் லாரி (பவுசர்) காரர் சொல்வது லிட்டர். குழம்புகிறது.

குழம்பத்தான் செய்யும். ஒரு அமெரிக்க கேலன் 3.785 லிட்டர். 172எஸ் மாடலில் பயன்படுத்தக்கூடிய எரிபொருள் 53 கேலன், அதாவது சுமார் 200 லிட்டர். அவ்கேஸ், அதாவது விமானப் பெட்ரோல், லிட்டருக்கு ஏறத்தாழ 0.72 கிலோ. 1983-இல் கனடாவில் ஒரு போயிங் 767-இல் எரிபொருள் காட்டும் கேஜ் வேலை செய்யவில்லை. குச்சியால்தான் அளந்தார்கள். அளவு சரி, ஆனால் லிட்டரை எடையாக மாற்றும்போது கிலோவுக்குப் பதில் பவுண்ட் எண்ணால் பெருக்கிவிட்டார்கள். நடுவானில் எரிபொருள் தீர்ந்து, கிளைடர் மாதிரி மிதந்து வந்து கிம்லி என்ற ஊரின் பழைய ஓடுதளத்தில் இறங்கியது. உயிர்ச்சேதம் இல்லை.

வீட்டில் இருக்கும் பிளாஸ்டிக் ஸ்டூல் போதாதா?

போதாது. பெட்ரோல் ஆவிக்குப் பக்கத்தில் நிலைமின்சாரம் சேரும் பொருள் எதற்கு? வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் காலும் எப்போது விரியும் என்று சொல்ல முடியாது.

வாகைகுளம் (தூத்துக்குடி விமான நிலையம்) மாதிரி வேறு இடத்தில் இறங்கினால் ஏணி கிடைக்குமா? கூடவே கொண்டுபோகலாமா?

கிடைக்கும் என்று நம்பிப் போகாதே, கொண்டுபோ. கையில் தூக்க வசதியில்லாத ஏணி ஹேங்கரிலேயே (விமானக் கொட்டகை) கிடக்கும், நீயும் முள்ளைப் பார்த்துக் கிளம்பிவிடுவாய். நான்கைந்து கிலோ அலுமினிய மடக்கு ஸ்டூல் போதும். அதன் எடையைப் பாரக் கணக்கில் எழுது. 172-இன் சாமான் பகுதிக்கு 54 கிலோதான் வரம்பு. வலையைப் போட்டு இறுக்கிக் கட்டு. தென்மேற்குக் காற்றில் மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே விமானம் தூக்கிப் போடும். கட்டாத ஸ்டூல் உன் பின்மண்டையைத் தேடி வரும்.

டவுனில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு விமானப் பயிற்சிப் பள்ளிக்கு இந்த ஏணியைச் செய்து தரக் கேட்டார்கள். எப்படிச் செய்யலாம் அண்ணாச்சி?

ஹேங்கரிலேயே இருக்கப் போகிறதென்றால் ஸ்கொயர் டியூபில் செய்யலாம் தம்பி, விமானத்தில் ஏற்றுவதற்கு அலுமினியம்தான். அடி அகலம் மேலே இருப்பதைவிட நன்றாக அதிகமாக இருக்கட்டும். படிக்குச் சொரசொரப்பான தகடு, காலுக்கு ரப்பர் புஷ். இறக்கையைத் தொடக்கூடிய விளிம்பு முழுக்க ரப்பர் பட்டை ஒட்டிவிடு. சக்கரம் வைத்தால் பூட்டும் வேண்டும். கூர்முனையை எல்லாம் கிரைண்டரில் தேய்த்துவிட்டு, பளிச்சென்ற மஞ்சள் அடித்துக் கொடு.