விவசாய சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடுவால் தேர்தல் அரசியலில் ஏன் காலூன்ற முடியவில்லை?

கோவை மாவட்டம் வையம்பாளையத்தில் 1925-ல் பிறந்த விவசாயியான சி. நாராயணசாமி நாயுடுவின் பொதுவாழ்வைப் புரிந்துகொள்ள, முதலில் கொங்குப் பகுதியின் கிணறுகளைப் பார்க்க வேண்டும். காவிரி டெல்டாவைப் போல வாய்க்காலில் தண்ணீர் வராத இந்த மேட்டு நிலத்தில், நீர்மட்டம் கீழே இறங்க இறங்கக் கூடுதல் குதிரைத்திறன் கொண்ட மோட்டாரைப் பொருத்தியாக வேண்டும் என்பதால், மின்கட்டணத்தில் ஏறும் ஒவ்வொரு பைசாவும் விளைச்சலின் லாபத்தில்தான் கைவைத்தது. யூனிட்டுக்கு ஒரு பைசா குறைக்கக் கோரிய போராட்டத்தில், 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் உயிரிழந்தார்கள். 1972-ல் கட்டணம் மீண்டும் உயர்ந்தபோது, மாட்டு வண்டிகளால் கோவை நகரச் சாலைகளை அடைத்து, மாவட்டத்தையே ஸ்தம்பிக்க வைத்தார்கள். இதன் தொடர்ச்சியாகத்தான் தமிழக விவசாயிகள் சங்கம் நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் மாநில அமைப்பாக வளர்ந்தது.

இவ்வளவு செல்வாக்கு பெற்றவர் 1982-ல் கட்சி தொடங்கியபோது போராட்டங்களில் திரண்ட கூட்டம் ஏன் வாக்காக மாறவில்லை என்பதற்கு, சங்கத்தின் பலமே காரணம் என்று நான் கருதுகிறேன். யாருக்கு ஓட்டுப் போடுவாய் என்று சங்கம் கேட்காத வரையில், தி.மு.க.காரரும் அ.தி.மு.க.காரரும் காங்கிரஸ்காரரும் ஒரே பச்சைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மறியலில் உட்கார முடிந்தது. கட்சி என்று வந்ததும் அவரவர் தம் பழைய சின்னத்துக்குத் திரும்பிவிட்டார்கள். அதோடு, கட்சியின் பெயரில் உழைப்பாளர்களையும் சேர்த்திருந்தாலும், தோட்டத்தில் கூலிக்கு வேலை செய்பவருக்கு மின்கட்டணத்தைவிடக் கூலி உயர்வே பெரிய கேள்வி, அந்தக் கூலியைக் கொடுக்க வேண்டியவர்களோ சங்கத்தின் உறுப்பினர்கள். இந்த முரணைத் தீர்க்க அவருக்கு அவகாசமும் கிடைக்கவில்லை: சட்டமன்றத் தேர்தலுக்கு மூன்று நாள் முன்பு, 1984 டிசம்பர் 21 அன்று கோவில்பட்டியில் காலமானார்.

ஆனாலும் அவரைத் தோற்ற அரசியல்வாதி என்று ஒதுக்குவதை நான் ஏற்க மாட்டேன். சிறு விவசாயிகளுக்கு 1984-ல் எம்.ஜி.ஆர். ஆட்சி இலவச மின்சாரம் கொடுத்தது. பின்னர் கருணாநிதி ஆட்சி அதை எல்லா விவசாயிகளுக்கும் விரிவாக்கியது. நாயுடுவின் கோரிக்கையைப் பெரிய கட்சிகள் இரண்டும் தத்தம் சாதனைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டபின், அதற்கென்று தனிக்கட்சிக்கு ஓட்டுப் போட வேண்டிய தேவை விவசாயிக்கு இல்லாமல் போயிற்று.